சித்திரபுரத்தில் எழுதாமல் விட்ட மழை

மகனே,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பரவாயில்லப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். எனக்கு அது வேண்டாம். அதனால் உன் அம்மா சந்தைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய ஆபீஸ் வழக்கப்படி இடது பக்கம் மார்ஜின் விட்டு எழுதுகிறேன். படித்துவிட்டு நீ பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டிய கடிதமல்ல இது. உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் காட்டு. அடுத்த வாரம் மாவட்ட அதிகாரிகள் முன்னால் உன் கணினி மழையைக் காட்டப்போகிறாயே, அவர்களுக்கு மலையாளத்தில் சொல்லிக்கொடு. அது முடிந்து நான்காம் நாள் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்பே விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விஷயம் சுருக்கமானது. நீ நம்பிய எஸ்டேட் ரெஜிஸ்டரில், மூன்று வருஷத்துப் பெருமழை நாட்களின் எண்கள் நான் இட்டுக்கட்டியவை.

போன மாதம் நீ லீவில் வந்தபோது முன்னறையில் ஸ்டூல் மேல் மடிக்கணினியை வைத்து, எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படம் காட்டினாய். படத்தின் கதாநாயகன் மேற்கிலிருந்து வரும் காற்று. வானத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி அடுக்கியிருந்தாய். ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, காற்று எந்தப் பக்கம் என்று கணினி கூட்டிக் கழித்துப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளியது. காற்று மூணாறுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் மலையில் ஏறியது, குளிர்ந்தது, மேகமானது. அதுவரை எனக்குச் சிரமமில்லை. முப்பது வருஷம் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டராக உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இதே படத்தைத்தான் பார்த்தேன். பிறகு நீ சொன்னாய்: "மேகத்துல துளியெல்லாம் பொடிப்பொடியா இருக்கும்ப்பா, தானா விழாது. ஒண்ணோட ஒண்ணு சேந்து கனக்கணும். அது எவ்வளவு வேகமா சேருதுன்னு நாமதான் கணினிக்கு ஒரு எண்ணு குடுக்கணும். அத ஒரு திருகாணின்னு வச்சுக்கோங்க." அந்தத் திருகாணியை எங்கே நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். "உங்க ரெஜிஸ்டரை வச்சுத்தான்" என்றாய். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது நீ நிறுத்தவில்லை. "சாட்டிலைட்டுல அந்த மூணு வருஷமும் மழை கூடுதலாத்தான் காட்டுது. கூட இருக்கிறவங்க ரெஜிஸ்டர்லதான் தப்பிருக்கும்னாங்க. அது எங்கப்பா கையெழுத்து, ஒருநாள் கூட விட்டது கிடையாதுன்னு சொல்லிட்டேன். திருகாணியக் கொஞ்சம் குறைச்சேன், டக்குனு வந்து உக்காந்துருச்சு" என்றாய். ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது என்று திரையில் நம் ஊரைத் தொட்டுக் காட்டினாய். அதே நாட்களில் மறையூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உன் அம்மா சிரித்துவிட்டாள். "இங்கயா? ஆடி மாசத்துல கரும்புச் சக்கைய வெளிய காயப்போட்டு அடுப்பெரிக்கிற ஊருடா இது. இப்படிப் பெய்ஞ்சா வெல்லம் காய்ச்சுறவங்க என்ன செய்வாங்க?" என்றாள். "மேல விழ வேண்டியது விழலன்னா காத்து அதத் தூக்கிட்டு மலை தாண்டி வந்து இங்க போடும்மா. தண்ணி எங்கயாச்சும் விழுந்துதானே ஆகணும்?" என்று நீ சொன்னாய். அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. உனக்கு விளங்காமல் போனதற்கு நீ என் கையெழுத்தை நம்பியதுதான் காரணம். சித்திரபுரத்தில் நான் எழுதாமல் விட்ட மழை, இத்தனை வருஷம் கழித்து, நான் ஓய்வுபெற்றுக் குடிவந்த ஊரில் உன் திரையில் பெய்துகொண்டிருந்தது. சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டாள், எழுந்து போனோம்.

அந்த மழைமானியை உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபீஸ் முற்றத்தில் கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகர உருளை. மேலே புனல், உள்ளே பெரிய கண்ணாடிப் போத்தல். காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பெருமழையில் போத்தல் நிரம்பி வழிந்தால் வழிந்தது உருளையில் தேங்கும், அதையும் ஊற்றி அளக்க வேண்டும். துரை மாறினாலும் தொழிற்சங்கம் மாறினாலும் இந்த எட்டரை மணி மாறியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கோவில் ஆராதனைக்குப் புறப்படும் முன்பு அளந்துவிட்டுத்தான் சட்டை மாற்றுவேன். எனக்கு அதில் பெருமை அதிகம். குரூப் ஆபீஸில் மற்ற எஸ்டேட் ரைட்டர்களிடம் என் ரெஜிஸ்டரைக் காட்டி இப்படி எழுதுங்கள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டு, அதை உன் அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். நான்காவது தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

நீ ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்தப் போத்தல் என் கைதவறி உடைந்தது. புதுசு கேட்டு எழுதினேன், வரவில்லை. மறுபடி எழுதினேன். வரும்வரை சமாளிக்கலாம் என்று டிஸ்பென்சரியில் பினாயில் வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கழுவி உள்ளே வைத்தேன். அது நிரம்பினால் நூறு மில்லிமீட்டர், அவ்வளவுதான் பிடிக்கும். வழிந்தது உருளையில் தேங்கியிருக்க வேண்டும், ஆனால் உருளையின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. வழிந்ததெல்லாம் மண்ணுக்குள் போனது. அந்த வருஷம் முதல் பெருமழையில் நூறு என்று எழுதினேன். மறுநாளும் கேன் நிறைந்திருந்தது, நூறு. அதற்கு மறுநாளும் நூறு. மாதக் கடைசியில் குரூப் ஆபீஸுக்குப் போன ரெஜிஸ்டர் திரும்பி வந்தபோது மூன்று நூறுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'காப்பியா?' என்று கேட்டிருந்தார்கள். மகனே, இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. இரண்டு தடவை போத்தல் கேட்டவன் நான். அந்தப் பக்கத்திலேயே வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. கேன் வழிந்தது, எவ்வளவு என்று தெரியாது என்று அதில் எழுதியிருந்தால் தீர்ந்தது. எழுதக் கை வரவில்லை. என் ரெஜிஸ்டரில் தெரியாது என்ற சொல்லா என்று தோன்றியது. அடுத்த பெருமழைக்கு ஒருநாள் தொண்ணூற்றேழு என்று எழுதினேன், மறுநாள் நூற்றி மூன்று, அதற்கு மறுநாள் தொண்ணூற்றொன்பது. நூற்றி மூன்று எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரும் வட்டம் போடவில்லை. புதுப் போத்தல் வந்து சேர மூன்று மழைக்காலம் ஆனது.

உன் வேலையை யோசித்துப் பார்க்கும்போது இதுதான் எனக்கு உறைக்கிறது. நான் சோம்பேறியாக எல்லா நாளும் நூறு நூறு என்று போட்டிருந்தால் நீ பார்த்தவுடன், இங்கே ஏதோ நிரம்பி வழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாய். நான் சிரத்தையாக வேலை பார்த்தேன், அதனால்தான் ஏமாந்தாய். இனி நீ போகும் ஊரிலும் யாராவது அழகான கையெழுத்தில் ஒருநாளும் விடாமல் எழுதிவைத்த புத்தகத்தைக் கொடுத்தால், முதலில் குறிப்புக் கட்டத்தைப் பார். அது முழுக்கக் காலியாக இருந்தால் எழுதியவனை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. முகத்தைப் பார்த்தால் தெரியும். என் முகத்தை நீ அன்றைக்குப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் மழைக்காலத்தில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் உருள்பொட்டல் வந்து, மண்ணும் பாறையும் இறங்கி மூன்று வீட்டுச் சமையலறைகளை எடுத்துக்கொண்டு போனதே, அந்த நாள். எல்லோரும் காட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம், ஆள் சேதமில்லை. அன்வேஷணம் என்று விசாரிக்க ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். அன்றைக்கு மழை எவ்வளவு என்று கேட்டார்கள். ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன், தொண்ணூற்றேழு. இந்த மலைக்கு அது சாதாரண மழை. அப்படியானால் மண் ஏன் இறங்கியது? கான் ஒழுங்காக வெட்டவில்லை, தண்ணீர் போக வழியில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஓடும் கான்களை வெட்டித் திருத்துகிற வேலை தங்கையாவுடையது. மண்வெட்டியும் தலையில் மழைக்குப் போட்ட கொங்காணியுமாக மழையோடு மழையாக நிற்பாரே, அவர்தான். மறுநாள் ஆபீஸ் படியில் நின்று என்னிடம் கேட்டார், "ரைட்டரய்யா, அன்னிக்குப் பெய்ஞ்சது நூறுதானா?" நான் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன், "ரெஜிஸ்டர்ல தொண்ணூத்தேழுன்னு இருக்கு, தங்கையா." அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். "சரிங்கய்யா" என்றார். கான் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அந்த மாதமே உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போய்விட்டார். குடும்பம் லயத்திலேயே இருந்தது. சில வருஷம் கழித்து அந்த ஏலக்காட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனார் என்று கேள்வி. நான் அடக்கத்துக்குப் போகவில்லை.

பத்தாவது முடித்து நீ பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாய். கணவாய் வழியாக வரும் காற்று தென்னையை வளைப்பதைப் பார்த்துத்தான் உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். மேற்படிப்புக்கு வானிலை என்று நீ சொன்னபோது வீடே இரண்டுபட்டது. பாங்க் பரீட்சை எழுது, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் வேலை தருவார்கள் என்று கத்தினேன். உன் சித்தி போன் பண்ணினாள். "ஏனுங்க மாமா, பையன் ஆசப்பட்டுக் கேக்கறானுங்க. நீங்களே மழைய அளந்துதானுங்க குடும்பம் நடத்துனீங்க? அவன் அளக்கட்டும், உட்டுருங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். இத்தனை நாளும் நீ அதை வேலை பற்றிய பயம் என்று நினைத்திருப்பாய். அது பாதிதான். மழையைப் படிக்கிறவன் ஒருநாள் என் ரெஜிஸ்டரைப் புரட்டுவான் என்பதுதான் மிச்சப் பயம். எட்டு மாதம் நீ என்னோடு பேசாமல் இருந்தாய். அந்தக் கோபத்துக்கு உனக்கு நியாயம் இருந்தது, இப்போது சொல்கிறேன்.

போன மாத லீவு முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய பிறகு, உன் ஆராய்ச்சி ஏட்டின் நன்றிப் பக்கத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாய். 'ஒருநாளும் தவறாமல் மழையை அளந்த என் அப்பாவுக்கு' என்று போட்டிருந்தாய். அவள் அதை எதிர்வீடு, பக்கத்துவீடு, கடைக்காரர் வரைக்கும் காட்டிவிட்டு வந்து என்னிடம் நீட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தோலிக்கனாகப் பிறந்திருந்தால் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம், நம் சபையில் அந்த வசதியும் இல்லை என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "பையன் சொல்ற மழைய வச்சுத்தானே லயத்துச் சனங்கள ஸ்கூலுக்கு மாத்தணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது கம்மியா சொல்லுமா?" பெருமழைக்குக் கம்மியாகச் சொல்லும் என்றேன். "உங்க மானத்தப் பத்தி எனக்குக் கவலையில்ல. அந்த லயத்துல பன்னெண்டு வீடு இருக்கு. எந்திரிச்சு முதல் பஸ்ஸைப் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். மூணாறில் இறங்கி பஸ் மாறி, எஸ்டேட் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மானேஜர் சின்ன வயதுக்காரர், கோட்டயம் பக்கம். பழைய புத்தகத்தில் இப்போது எழுதலாமா என்று மலையாளத்தில் தயங்கினார். தப்பாக எழுதினவன் உயிரோடு இருக்கும்போதே திருத்தட்டும் சாரே என்றேன். சிவப்புப் பேனா தந்தார். எண்களை நான் அடிக்கவில்லை, அது கள்ளத்தின் மேல் கள்ளம். தொண்ணூற்று நான்குக்கும் நூற்றி நான்குக்கும் நடுவில் எழுதியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் நேராக, அந்தக் காலி கட்டத்தில், 'கேன் வழிந்தது. எவ்வளவு என்று தெரியாது' என்று எழுதி திருத்துகிற நாளின் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதில் இரண்டொரு நாள் உண்மையிலேயே தொண்ணூற்றைந்து பெய்திருக்கலாம், இனி என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீ இந்த நாட்களைத் தூக்கி எறிந்துவிடாதே. கிட்டத்தட்ட நூறு, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு உன் சாட்டிலைட்டைக் கேள். திருகாணியைத் திரும்ப ஏற்று. மறையூரில் மழை நின்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டாய் என்று அர்த்தம். பக்கங்களின் போட்டோவை மானேஜர் உனக்கு அனுப்பியிருப்பார்.

திரும்பும்போது மேல் லயத்துக்கு ஏறினேன். தங்கையாவின் மகள் செல்வி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவளும் கொழுந்தெடுக்கிறாள், இரண்டு பிள்ளைகள். வாசலில் நின்றபடியே சொன்னேன். உன் அப்பா மேல் தப்பில்லை, அன்றைக்குப் பெய்த மழையை நான்தான் குறைத்து எழுதினேன் என்று. அவள் ஆச்சரியப்படவில்லை. "அப்பாவுக்குத் தெரியும் சார். கானுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்னவருக்கு எவ்வளவு பெய்ஞ்சுதுன்னு தெரியாதா?" என்றாள். பின் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரைட்டரே சொல்லுவாருன்னு இருந்தாரு" என்றாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய்க் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்: "உங்க மகன் மழை வர்றத முன்கூட்டியே சொல்லப்போறாராமே. அவர் சொன்னா நம்பி ஓடலாமா சார்?" இன்னும் ஒரு வாரம் பொறு, அவன் ஒரு எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கோபப்படுவாய். படு. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் என்னோடு பேசாமல் இரு, அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய். எனக்கு வருத்தமாக இருக்கிறது, மகனே, நீ ஆசையாக எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் திரையின் முன்னால் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே என்று. நன்றிப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. காலியாக விட வேண்டாம், தங்கையாவின் பெயரைப் போடு. அந்த மழையைச் சரியாக அளந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அளந்தது இடுப்பளவு, அதை மில்லிமீட்டராக்குவது உன் வேலை.

உன் அப்பா